தோள்சீலையும் பொது அறமும்

2023 மார்ச் மாதம் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் ஒரே மேடையில் அந்தப் போராட்டத்தைப் போற்றினார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு அதே மண் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. மார்பையும் தோளையும் மூடித் துணி அணிந்து வெளியே வந்த நாடார் பெண்கள் அப்போது சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். அவர்களுடைய மேலாடை கிழித்தெறியப்பட்டது. தாக்கியவர்கள் தாங்கள் தவறு செய்வதாக நினைக்கவில்லை. நாட்டு வழக்கத்தைக் காப்பதாகவே நம்பினார்கள், அரசின் ஆணையும் அவர்கள் பக்கம் இருந்தது. அன்று ஒழுங்கு என்று காக்கப்பட்டதை இன்று கொடுமை என்கிறோம். இந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தக் காலத்துக்கு அது சரி, இந்தக் காலத்துக்கு இது சரி என்று விட்டுவிடலாமா? அல்லது அது அன்றைக்கும் தவறுதான், ஒப்புக்கொள்ள நமக்குத்தான் நாளாயிற்று என்று சொல்ல வேண்டுமா? பழங்கதையைப் பற்றிய கேள்வி இல்லை இது. சாதி கடந்து மணந்த பிள்ளைகளைக் கொன்றவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இன்றும் "எங்கள் வழக்கம் எங்களுக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அறம் ஊருக்கு ஊர் மாறுவதா, எல்லோருக்கும் பொதுவானதா என்ற பழைய கேள்வியை நேராக எதிர்கொண்டாக வேண்டும்.

பண்பாடு மனிதரின் அறவுணர்வை வடிவமைக்கிறது என்பதில் ஐயமில்லை. எது மரியாதை, எது அவமரியாதை, எது வெட்கப்பட வேண்டியது என்பதையெல்லாம் நாம் பிறந்த வீடும் ஊரும்தான் முதலில் கற்றுத்தருகின்றன. ஆனால் வடிவம் தருவது வேறு, முடிவுசெய்வது வேறு. மரியாதையை எந்தச் செயலால் காட்டுவது என்பதைப் பண்பாடு சொல்லலாம். யாருக்கு மரியாதை உண்டு, யாரை இழிவுபடுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் எந்தப் பண்பாட்டுக்கும் கிடையாது. ஒரு வழக்கத்தின் சுமையைச் சுமக்கிறவர், அதை அச்சமின்றி மறுக்கும் வாய்ப்பு கிடைத்தபின்னும் ஏற்றுக்கொள்வாரா என்பதே அதன் நியாயத்தை அளக்கும் அளவுகோல். அந்த அளவுகோல் எல்லா நாட்டுக்கும் பொது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்டுவிடுவது முறை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று 2,400 ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்படுகிறது. பாரசீகப் பேரரசர் தாரியஸ் தம் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், இறந்த தந்தையரின் உடலை உண்ண என்ன விலை வேண்டும் என்று கேட்டார். எந்த விலைக்கும் மாட்டோம் என்றார்கள். பிறகு, இறந்த பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்ற இந்தியக் குடியினரிடம், அந்த உடலை எரிக்க என்ன விலை வேண்டும் என்று கேட்டார். அப்படியொரு பேச்சையே எடுக்க வேண்டாம் என்று அவர்கள் அலறினார்கள். அண்மைக் கால ஆய்வுகளும் இந்த வேறுபாட்டை உறுதிசெய்கின்றன. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிச்சும் அவருடைய தோழர்களும் பதினைந்து சிறு சமூகங்களில் ஒரே சோதனையை நடத்தினார்கள். ஒருவருக்குக் குறிப்பிட்ட தொகை தரப்படும். அதில் எவ்வளவை மற்றவருக்குத் தருவது என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் எதுவும் இல்லை. பெரு நாட்டு அமேசான் காட்டின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்களவே தர முன்வந்தார்கள். பெற்றவர்களும் பெரும்பாலும் மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் லமலேராவில் திமிங்கிலம் பிடிப்பவர்கள் பாதிக்கும் மேல் தந்தார்கள். கூட்டாகக் கடலுக்குப் போய்க் கிடைத்ததைப் பங்கிட்டு வாழ்பவர்களின் நியாய உணர்வும், குடும்பம் குடும்பமாகத் தனித்து உழைப்பவர்களின் நியாய உணர்வும் ஒன்றாக இருக்கவில்லை. வாழ்முறை அறவுணர்வைச் செதுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இதே சான்றுகளை இன்னும் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். தாரியஸின் அவையில் நின்ற இரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் முழுமையாக உடன்பட்டார்கள். பெற்றோரின் உடலை அவமதிக்கக் கூடாது, எவ்வளவு பொன் கொடுத்தாலும் கூடாது என்பதே அது. எரிப்பது அவமதிப்பா, உண்பது அவமதிப்பா என்பதில்தான் வேறுபட்டார்கள். ஹென்ரிச்சின் சோதனையிலும் பங்கின் அளவு மாறியது; ஆனால் மனிதர்கள் தம் இலாபத்தை மட்டுமே பார்ப்பவர்கள் என்ற கணக்கு எந்த ஒரு சமூகத்திலும் பொருந்தவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆலிவர் ஸ்காட் கர்ரியின் குழு 60 சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் பதிவுகளை அலசி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உறவினருக்கு உதவுவது, குழுவுக்கு உழைப்பது, பெற்ற உதவியைத் திருப்பிச் செய்வது, துணிவு, பெரியவர்க்கு அடங்குவது, நியாயமாகப் பங்கிடுவது, பிறர் உடைமையை மதிப்பது ஆகிய ஏழும் ஏறக்குறைய எங்கும் நல்லவையாகவே கருதப்படுகின்றன என்று அது கண்டது. வேறுபாட்டுக்கு அடியில் ஒரு பொதுத்தளம் இருக்கிறது. எனினும் இந்தக் கண்டுபிடிப்போடு நின்றுவிட முடியாது. பெரியவர்க்கு அடங்குவது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறதல்லவா? மேலாடை அணியாதே என்ற ஆணையும் அடக்கத்தின் பெயரால்தான் பிறந்தது. எல்லோரும் ஒன்றை நல்லது என்று சொல்வதாலேயே அது நல்லதாகிவிடாது. ஒருமித்த கருத்தைவிட உறுதியான அடித்தளம் பொது அறத்துக்குத் தேவை. அதைத் தேடுவதற்குத் தோள்சீலை வரலாறே வழிகாட்டுகிறது.

உடை என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுவதற்கு எல்லோரும் காட்டும் முதல் உதாரணம். அன்றைய திருவிதாங்கூரில் மார்பை மூடாமலிருப்பது தன்னளவில் வெட்கக்கேடாகக் கருதப்படவில்லை. உயர்த்தப்பட்ட சாதிப் பெண்கள்கூடத் தம்மைவிட மேலானவர்களாகக் கருதப்பட்டோர் முன்னிலையில் மேலாடையை விலக்குவது மரியாதையின் அடையாளமாக இருந்தது. அப்படியிருக்க, சிக்கல் எங்கே முளைத்தது? அரசு எதை அனுமதித்தது, எதை மறுத்தது என்று பார்த்தால் விடை தெரியும். கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போன்ற உடையை அணிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அனுமதி கிடைத்தது. 1829-ல் வந்த அரசாணையும் அதை ஒப்புக்கொண்டது. மறுக்கப்பட்டது, உயர்த்தப்பட்ட சாதியினரான நாயர் பெண்களைப் போலத் தோளின் மேல் சீலை போடும் உரிமை. 1858-59-ல் மீண்டும் பெரும் வன்முறை மூண்டு, சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கடி தந்தபின், 1859 ஜூலை 26 அன்று அரசு தடையைத் தளர்த்தியது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. உடல் மூடப்படுவது முதன்மையான ஆட்சேபமாக இருக்கவில்லை. சமமாகத் தெரிவதைத்தான் பொறுக்க முடியவில்லை. குப்பாயம் கையில் கிடைத்தபின்னும் அந்தப் பெண்கள் அடிபட்டுக்கொண்டே தோள்சீலைக்காகப் போராடியதன் காரணமும் இதுவே. துணி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது பண்பாட்டுக்கு உரியது. ஒரு மனிதரின் உடலிலேயே அவருடைய தாழ்வை எழுதிவைப்பது எந்தப் பண்பாட்டிலும் அவமானம்தான். அதை அவமானம் என்று அந்தப் பெண்கள் உணர்ந்ததற்கு அவர்கள் கொடுத்த விலையே சான்று.

பண்பாட்டைத் தாண்டி அறத்துக்கு அளவுகோல் இல்லை என்றால் விளைவு என்னவாகும் என்பதையும் கடைசிவரை யோசித்துப் பார்க்க வேண்டும். 1830-களில் அதே தென் திருவிதாங்கூரின் சாமிதோப்பில் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர், தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். கண்ணாடிக்கு முன் நின்று, தன்னுள் இருக்கும் இறையை வணங்கும் வழிபாட்டை ஏற்படுத்தினார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. சமூகத்தின் வழக்கமே அறம் என்றால், வைகுண்டர் அறத்தை மீறியவராகவே வாழ்ந்து 1851-ல் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஓர் அரசாணைக்குப் பிறகுதான் அவர் சொன்னது நியாயமாயிற்று என்றாகும். இதை நம்மில் யாரும் ஏற்க மாட்டோம். அவர் சொன்னது அன்றே சரி, நாடு பின்னால் வந்து சேர்ந்தது என்றே சொல்வோம். சீர்திருத்தவாதி ஒருவரையாவது சரியென்று ஒப்புக்கொள்ளும் எவரும் வழக்கத்துக்கு மேலான ஓர் அளவுகோலையும் அத்துடன் ஒப்புக்கொண்டவராகிறார். அதோடு, வைகுண்டரும் அவரைச் சிறைவைத்தவர்களும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களில் யாருடைய குரல் அந்தப் பண்பாட்டின் குரல்? பண்பாடு ஒரே வாயால் பேசுவதில்லை. "இதுதான் எங்கள் பண்பாடு" என்று யாராவது சொல்லும்போது, பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர்களின் குரலே பண்பாட்டின் குரலாக முன்வைக்கப்படுகிறது.

இந்த இடத்தில் கனமான ஆட்சேபம் ஒன்று எழும். பொது அறம் என்ற பேச்சே ஆதிக்கத்தின் முகமூடி, உலகத்தைத் திருத்த வந்ததாகச் சொன்னவர்கள்தான் கண்டங்களைச் சூறையாடினார்கள் என்பது அந்த ஆட்சேபம். இதில் உண்மை நிறைய உண்டு. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸும் அவருடைய மாணவர்களும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பண்பாட்டுச் சார்புநிலையை முன்வைத்தது, வெள்ளையரல்லாத மக்களைக் காட்டுமிராண்டிகள் என்ற இனவாதத்துக்கு எதிராகத்தான். 1947-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதிய அறிக்கையை அனுப்பியது. ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை மனித குலம் முழுமைக்கும் சட்டமாக்கலாமா என்று அது கேட்டது. பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகளின் ஆதரவோடு, எதிர்வாக்கு இன்றி நிறைவேறியபோது ஆப்பிரிக்க மக்களில் பெரும்பகுதியினரும் ஆசிய மக்களில் பலரும் காலனி ஆட்சியின் கீழ் இருந்தார்கள் என்பதும் உண்மை. தோள்சீலைப் போராட்டத்திலும் மிஷனரிகளுக்கும் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் பங்குண்டு. அவர்களுடைய பார்வையில் அக்கால ஐரோப்பாவின் உடல் கூச்சமும் கலந்திருந்தது.

ஆனால் இந்த ஆட்சேபம் தன் காலடி மண்ணையே பறிக்கிறது. காலனி ஆதிக்கம் தவறு என்று அது சொல்கிறது. எதன் அடிப்படையில்? பிரிட்டிஷ் ஆளும் வர்க்கத்தின் பண்பாட்டில் பேரரசு பெருமைக்குரியதாக இருந்தது. அறம் அந்தந்தப் பண்பாட்டோடு முடிந்துவிடுமென்றால், அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு இடமே இல்லை. ஒரு மக்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஆள்வது எங்கும் அநீதி என்ற பொது விதியை ஏற்றால்தான் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்க முடியும். சகிப்புத்தன்மை எல்லோரும் பின்பற்ற வேண்டிய பண்பு என்று சொல்வதும் ஒரு பொது விதியே. 1948 வாக்கெடுப்பில் விலகி நின்ற எட்டு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. நிறவெறியைக் கொள்கையாக அறிவித்த கட்சி அங்கே அந்த ஆண்டுதான் ஆட்சிக்கு வந்திருந்தது. பொது அளவுகோலைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள் என்பதற்கு அது ஒரு குறிப்பு. அதே பிரகடனத்தைத் தயாரித்த குழுவில் இருந்த இந்தியாவின் ஹன்சா மேத்தா, ஆண்களை மட்டும் குறிப்பதாகப் படிக்க இடம்தந்த வாசகத்தை மாற்றவைத்தார். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாட்டிலிருந்து வந்த ஒரு பெண், பொதுமை போதாது, இன்னும் பொதுவாக்குங்கள் என்று கேட்டார். அமெரிக்க மானிடவியல் சங்கமும் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டு, 1999-ல் மனித உரிமைகளை ஆதரிக்கும் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

ஆசியாவுக்கு வேறு அறம் என்ற வாதம் 1990-களில் பெரிதாக ஒலித்தது. தனிமனித உரிமை மேற்கின் சரக்கு, எங்கள் சமூகங்கள் ஒழுங்கையும் குடும்பத்தையும் முதன்மையாகக் கொண்டவை என்ற பார்வைக்கு சிங்கப்பூரின் லீ குவான் யூ முகமாக விளங்கினார். 1994-ல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் வந்த அவருடைய நேர்காணலுக்கு, அதே ஆண்டில் அதே இதழில் கொரியாவின் கிம் டே ஜுங் பதில் எழுதினார். அவர் 1980-ல் ராணுவ ஆட்சியால் மரணதண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பியவர். கொடுங்கோலரை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற கருத்தைப் பழைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸிடமிருந்தும், மனிதரே விண்ணகம் என்ற நம்பிக்கையைக் கொரியாவின் டோங்ஹாக் இயக்கத்திலிருந்தும் அவர் எடுத்துக்காட்டினார். 1998-ல் அவரே தென்கொரியாவின் அதிபரானார். தூக்குமேடையை நெருங்கி மீண்ட ஓர் ஆசியரிடம், உயிர் வாழும் உரிமை மேற்கின் கருத்து என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? பொது அறம் ஒரே ஊரில் விளைந்து ஏற்றுமதியானது அன்று. அதிகாரத்தின் அடியைத் தாங்கியவர்கள் இருந்த இடமெல்லாம் அவரவர் மரபுக்குள்ளிருந்தே அது எழுந்திருக்கிறது. சாமிதோப்பில் எழுந்ததும் அப்படித்தான்.

இனி, பாதிக்கப்பட்டவர்களே வழக்கத்தை ஏற்கும்போது என்ன சொல்வது என்ற கேள்வி வரும். இதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. மாமியாரின் கொடுமையைத் தாங்கிய பெண் மாமியாரானபின் அதையே செய்வதையும், ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்குமுறையை விதி என்று ஏற்பதையும் உலகெங்கும் காண்கிறோம். ஆனால் மறுத்தால் அடி விழும், ஊரைவிட்டு ஒதுக்குவார்கள், பிழைப்பு போய்விடும் என்ற நிலையில் கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதமாகக் கணக்கிட முடியாது. அதனால்தான் மறுக்கும் வாய்ப்பு என்பதை அளவுகோலின் நடுவில் வைக்கிறேன். அந்த வாய்ப்பு உண்மையாகவே இருந்து, அதன்பிறகும் ஒருவர் வழக்கத்தைத் தொடர்ந்தால், வெளியிலிருந்து அவரை விடுவிக்கப் புறப்படுவதும் தவறு. ஈரானின் வரலாறு இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 1936-ல் ரெசா ஷா நவீனமயத்தின் பெயரால் பெண்களின் முக்காட்டுக்குத் தடைவிதித்தார். காவலர்கள் தெருவில் அதைப் பிடுங்கினார்கள். முக்காடின்றி வெளியே வர மனமில்லாத பெண்கள் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். 1979 புரட்சிக்குப் பின் காற்று திசைமாறி, 1983-ல் முக்காடு அணியாதது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. முன்னதை முன்னேற்றம் என்றார்கள், பின்னதைப் பண்பாடு என்றார்கள். இரண்டிலும் பெண்ணின் விருப்பம் கேட்கப்படவில்லை. முக்காடு நல்லதா கெட்டதா என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லப் பொது அறத்துக்கு வேலையில்லை. அணியவைக்கும் கையையும் கழற்றவைக்கும் கையையும் அது ஒரே மாதிரி தடுக்கும். தோள்சீலையில் கண்ட அதே அளவுகோல் இங்கேயும் பிசகாமல் நிற்கிறது.

இப்படிப் பார்த்தால் பொது அறம் பண்பாடுகளை விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. எப்படி மணம் முடிப்பது, இறந்தவர்களை எப்படி அடக்கம் செய்வது, பெரியவர்களை எப்படி வணங்குவது, எதை உண்பது, எதை உண்ணாமல் விடுவது, விருந்தினரை எப்படி நடத்துவது என்ற பரந்த வெளி முழுவதும் பண்பாடுகளுக்கே உரியது. அங்கே ஒருவர் வழியை இன்னொருவர் மேல் திணிக்க நியாயமில்லை. 1993-ல் வியன்னாவில் 171 நாடுகள் ஏற்றுக்கொண்ட பிரகடனமும், உரிமைகள் உலகப் பொதுவானவை, வட்டார, வரலாற்றுத் தனித்தன்மைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. எல்லாச் சிக்கலுக்கும் இந்த அளவுகோல் விடைதராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவிலிருக்கும் உயிருக்கும் விலங்குகளுக்கும் மறுப்புச் சொல்ல வாயில்லை. அவற்றுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை வேறு வழிகளில் யோசித்தாக வேண்டும். ஓர் அளவுகோல் எல்லாவற்றையும் அளக்கவில்லை என்பதற்காக, அளக்கக் கூடியதையும் அளக்காமல் விடுவது பொறுப்பான செயலாகாது.

பெற்ற பிள்ளை தானே தேர்ந்தெடுத்தவரை மணந்ததற்காக உயிரைப் பறிக்கும் ஆணவக் கொலையை இந்த அளவுகோலில் வைத்தால் தயங்க ஒன்றுமே இல்லை. அந்த வழக்கத்தின் சுமையைச் சுமப்பவர் கொல்லப்பட்டவர். அவருக்கு மறுக்கும் வாய்ப்பு மிச்சம் வைக்கப்படவே இல்லை. குடும்ப மானம், சாதிக் கட்டுப்பாடு, முன்னோர் வழி என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் அது கொலைதான். அந்தப் பெயர்களுக்கு நீதிமன்றத்திலும் தெருவிலும் இம்மியளவும் சலுகை தரக் கூடாது. அதே கண்டிப்போடு இந்தக் கேள்வியை நம் வீடுகளுக்குள்ளும் கேட்க வேண்டும். சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று சத்தமின்றிக் கையெழுத்து வாங்கும்போதும், தூய்மைப் பணிக்கு இன்னார்தான் என்று ஊர் முடிவுகட்டும்போதும், கோயில் விழாவில் தேர்வடத்தைத் தொட யாருக்கு உரிமை இல்லை என்று சொல்லப்படும்போதும், யாருடைய முதுகில் இந்த வழக்கம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். வெளிநாட்டு அநீதியைக் கண்டிக்கும் தகுதி, உள்ளூர் அநீதியையும் அதே கோலால் அளப்பவர்களுக்கே உண்டு. வழக்கம் எவ்வளவு பழையது, எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு பேச வேண்டியவை. அதன் சுமையைச் சுமப்பவரிடம் முதலில் கேளுங்கள், அவர் அச்சமின்றிப் பதில் சொல்ல வழிசெய்யுங்கள், அவர் வேண்டாம் என்றால் அந்த வழக்கத்தைக் கைவிடுங்கள். எந்த மொழி பேசும் மனிதருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் இது.